ஏடு மாறலாம், பாட்டு மறையலாகாது

பழைய வீடு வைத்திருப்போர் ஓர் உண்மையை அறிவார்கள். ஓட்டை மாற்றினால் சட்டம் அசையும். சட்டத்திற்கு முட்டுக் கொடுத்தால் சுவர் விரியும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று தன் குறையைச் சொல்லத் தொடங்கும். அறுபதைக் கடந்த உடம்பும் அப்படித்தான். இருபது ஆண்டுகளைக் கடந்த மேஜைக் கணினியும் அப்படித்தான் என்பதைச் சென்ற ஆண்டு ஆடி முதல் தை வரை கண்கூடாகக் கண்டேன்.

கணினியின் பழுதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று அன்பர்கள் நினைக்கலாம். அந்தக் கணினிக்குள் இருந்தவை ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியாரைப் பாடும் பாட்டுகள். அவற்றை மீட்ட கதையைச் சொன்னால், தங்கள் வீட்டிலும் அப்படி ஏதேனும் உறங்கிக் கிடக்கிறதா என்று சிலராவது தேடிப் பார்ப்பார்கள் என்ற ஆசையே இதை எழுதத் தூண்டியது.

பெட்டிக்குள் இருந்த செல்வம்

நான் ராஜபாளையத்தில் வசிப்பவன். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் இல்லாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். பன்னிரு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவரை ஈன்ற ஊர் அது. ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாசுரங்களும், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் அச்சில் உள்ளன; ஓதுவார் உள்ளனர்; உரைகளும் உள்ளன. அவற்றுக்கு ஒரு குறையும் வாராது.

ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் பாடிவந்த பாட்டுகள் வேறு. ஆடிப்பூரத்திற்குக் கோலமிடும்போது ஒரு பாட்டு, திருமணத்தில் ஊஞ்சலாட்டும்போது ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்க ஒன்று, நலங்குக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கோதை நாச்சியார் வீட்டுப் பெண்ணாகவே வந்து நிற்பாள். இயற்றியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. என் மாமியாருக்கு அவை தம் தாயிடமிருந்து வந்தன. அவர் எழுதப் படிக்கப் பழகாதவர். நெஞ்சில் எழுதி வைத்திருந்தார்.

2004-ஆம் ஆண்டு பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு மேஜைக் கணினி வாங்கினோம். அடுத்த ஆண்டு முதல் என் இல்லாள் அதை வேறொரு காரியத்திற்கு எடுத்துக்கொண்டார். தாயார் பாடப் பாட நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார்; இரவில் சமையலறை ஓய்ந்த பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தட்டச்சு செய்வார். ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு. 2008-ஆம் ஆண்டு மாமியார் திருநாடு அடைந்தபோது 112 கோப்புகள் சேர்ந்திருந்தன. ஒரு குறுந்தகட்டிலும் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் இல்லாளும் தாயாரைப் பின்தொடர்ந்தார். அதன்பின் சனிக்கிழமைதோறும் அந்தக் கணினியை இயக்கி, ஏதேனும் ஒரு பாட்டைத் திறந்து படித்துவிட்டு அணைப்பது என் வழக்கமாயிற்று.

சென்ற ஆடியில் கணினி தள்ளாடத் தொடங்கியது. ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மைத்துனி தொலைபேசியில் அழைத்தார். தை மாதம் அவருடைய பேத்திக்குத் திருமணம்.

"அத்தான், ஊஞ்சலுக்கு அம்மா பாட்டுத்தான் பாடணும். அக்கா கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாளே, எடுத்துத் தாங்க. எனக்கு ராகம் இருக்கு, ரெண்டு அடிக்கு மேல வார்த்தை வரமாட்டேங்குது" என்றார்.

குறுந்தகட்டை எடுத்து வேறொரு கணினியில் இட்டுப் பார்த்தேன். சுழன்றதே தவிர ஒன்றையும் காட்டவில்லை. அதன் பூச்சு ஆங்காங்கே உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்தன. மிச்சமிருந்தது அந்தப் பழைய பெட்டி ஒன்றுதான்.

பேரேடு கற்பித்த வழி

நான் பணியில் சேர்ந்த காலத்தில் வங்கிக் கிளைகளில் கணினி இல்லை. 1984-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்க வழி சொல்லிய பிறகே, லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் கிளைகளுக்கு வரத் தொடங்கின. அதுவரை எல்லாம் கையெழுத்துப் பேரேடுகள்தாம். பேரேட்டின் கூட்டுத்தொகையும் பொதுக்கணக்கின் தொகையும் ஒத்துப்போகாவிட்டால், இரவு ஒன்பது மணியானாலும் வீட்டுக்குப் போக முடியாது.

அப்போது மூத்தவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாப் பக்கங்களையும் முதலிலிருந்து புரட்டாதே. வித்தியாசத் தொகையை முதலில் உற்றுப் பார். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 450 என்பதை 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. அது இரட்டைப்படையாக இருந்தால், அதில் பாதித் தொகை பற்றில் எழுத வேண்டியது வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடு. எதைத் திருத்தினாலும் ஒன்றைத் திருத்தி, கூட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போ. பழைய எழுத்தைச் சுரண்டாதே. அடித்துச் சுருக்கொப்பம் இடு.

பழுதான கணினிக்கும் இந்த நான்கு சொற்களே போதும் என்று கண்டேன். அடையாளத்தைப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை, இருப்பதை அழிக்காதே. பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, தேதி, நேர்ந்தது, செய்தது, பலன் என்று நான்கு கட்டங்கள் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகத் தெரிந்த குறைகள்

முதல் அடையாளம் கடிகாரம். கணினியை இயக்கும்போதெல்லாம் தேதி 2004 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் குறிக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தையும் சில அடிப்படைக் குறிப்புகளையும் காப்பது அதன் வேலை. அது தீர்ந்தால் கணினி தான் பிறந்த நாளுக்கே போய்விடும். தேதி தவறினால் இணையத் தளங்களும் திறக்க மறுக்கும். ஏனெனில் அவை காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று கணக்கிட்டே ஏற்கப்படுகிறது. கடைத்தெருவில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்த மின்கலத்தை மாற்றியதும் தேதி நிலைத்தது.

பத்து நாள் நலமாக இருந்தது. பிறகு நடுவிலே உறைந்து நிற்கத் தொடங்கியது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், நூற்பாலைகள் நிறைந்த எங்கள் ஊரின் பஞ்சுத் தூசு விசிறிக்குள் மெத்தை போல் படிந்திருந்தது. காற்று புகாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டினேன். நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் இதமாகத் தேய்த்து மீண்டும் பொருத்தினேன். இதற்கு முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்வது அவசியம்.

மூன்றாவது குறைதான் அச்சமூட்டியது. ஒரு சனிக்கிழமை, இயங்குதளத்திற்குரிய ஒரு கோப்பைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. இயங்குதளம் என்பது கணினியின் எல்லா உறுப்புகளையும் ஏவி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். எஃப் 8 என்ற விசையை அழுத்தி, மிகக் குறைந்த ஏற்பாடுகளுடன் எழுப்பும் பாதுகாப்பு நிலையை முயன்றேன். ஒரு முறை எழுந்தது, மறுமுறை எழவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டிக்' என்று ஓர் ஒலி வந்தது. இது எவர் குற்றமும் அன்று. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டு, இருபது ஆண்டு உழைத்த பிறகு ஓய்வு கேட்கிறது.

கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை வரவழைத்தேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "சார், ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டா கொஞ்ச நாள் ஓடும். இல்லேன்னா ரிப்பேர் பண்ற கட்டளை ஒண்ணு இருக்கு, போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

"தம்பி, இந்தப் பெட்டி ஓட வேண்டும் என்பது என் வேண்டுதல் இல்லை. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும். அதற்கு முன் இதில் ஒரு புள்ளிகூட எழுத வேண்டாம்" என்றேன்.

முதலில் பிரதி, பிறகே பழுது

அப்படிச் சொல்ல வைத்தது எங்கள் பக்கத்து நிகழ்ச்சி ஒன்று. ராஜபாளையத்திற்குத் தெற்கே, சங்கரன்கோவில் போகும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏட்டுச் சுவடிகள் அங்குள்ள சிவன் கோவிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடிச் சென்றார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். 'என் சரித்திரம்' நூலில் அவர் இதை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். சிதைந்த ஏட்டைப் பக்தியோடு அக்கினிக்குக் கொடுக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பழைய வழக்கிலோ அதற்கு முன் ஒரு கடமை உண்டு. புதிய ஓலையில் பிரதி எழுதிக்கொள்வது. ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரிக்கும் என்று அறிந்தவர்கள், தலைமுறைதோறும் பெயர்த்து எழுதினார்கள். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலையின் வலிமையால் அன்று. எழுதிய கைகளின் தொடர்ச்சியால்.

நலிந்த வன்தட்டும் செல்லரித்த ஏடும் ஒன்றே. அழித்து எழுதினால் உள்ளே இருந்தது போகும். பழுது நீக்கும் கட்டளை நன்மை செய்யும் நேரமும் உண்டு. ஆனால் அது தட்டு முழுவதையும் துருவி, சில இடங்களில் மாற்றி எழுதும். நலிந்த தட்டு அந்த உழைப்பிலேயே உயிரை விட்டுவிடலாம். எனவே படிக்க மட்டும் செய்து பிரதி எடுப்பதே முறை.

இளைஞர் புரிந்துகொண்டார். லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஒன்று உண்டு; லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-இல் தொடங்கி, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தது; விலை இல்லாதது. அதை வன்தட்டில் நிறுவாமல், ஒரு குறுந்தகட்டிலிருந்தே இயக்கலாம். தன் வீட்டில் அடுப்பெரியாதபோது அண்டை வீட்டார் வந்து சமைத்துப் போடுவதைப் போல, பழைய இயங்குதளத்தை எழுப்பாமலே கணினி கண் விழித்தது. வன்தட்டைப் படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்தார். என் இல்லாள் இட்ட பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. 112-உம் இருந்தன.

யு.எஸ்.பி. விரலிக்கு அவற்றை நகல் எடுக்கத் தொடங்கினோம். 105 கோப்புகள் சில நிமிடங்களில் வந்துவிட்டன. ஏழு வரவில்லை. அந்த ஏழில் ஊஞ்சல் பாட்டும் ஒன்று. தட்டில் பழுதான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல் ஒன்றை இளைஞர் இரவு முழுதும் ஓடவிட்டார். 'டிக்' ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பக்கத்து அறையில் அமர்ந்து திருப்பாவையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்தபோது ஐந்து வந்திருந்தன. ஊஞ்சல் பாட்டும் வந்திருந்தது. ஒரு தாலாட்டும், நாச்சியார் கையிலுள்ள கிளியைப் பற்றிய பாட்டும் பெயரளவில் மட்டும் நின்றன. திறந்தால் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. அன்று மாலையே அந்த வன்தட்டு முற்றிலும் ஓய்ந்தது.

தமிழ் எங்கே போயிற்று?

நகல் எடுத்த கோப்புகளைப் புதிய மடிக்கணினியில் திறந்ததும் இளைஞரின் முகம் வாடியது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. "எல்லாமே கெட்டுப்போச்சு சார்" என்றார்.

வித்தியாசத் தொகையை உற்றுப் பார்க்கும் பழக்கம் இங்கே கைகொடுத்தது. கெட்டுப்போன கோப்பில் ஒழுங்கு இராது. இதிலோ சொற்களின் நீளம் சீராக இருந்தது. அடிகள் அளவாக மடங்கின. அரைப்புள்ளி அடிக்கடி வந்தது. தமிழில் அவ்வளவு அடிக்கடி வருவது மெய்யெழுத்தின் புள்ளிதான். இது கெட்டது அன்று. வேடம் போட்டிருக்கிறது என்றேன்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் இருக்கையிலேயே தமிழ் எழுத்தை அமர்த்தியிருந்தன. என் இல்லாள் பயன்படுத்தியது பாமினி. அதில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவாகும். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. தமிழக அரசு அதை 2010-இல் தன் பயன்பாட்டுக்கு ஏற்றது. பாமினியில் அகரம் ஆங்கில எழுத்து ஒன்றுக்குரிய 109 என்ற எண்ணில் குடியிருந்தது. யூனிகோடில் 2949 என்பது அகரத்திற்கே உரிய சொந்த வீடு. எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் அது அகரமாகவே தெரியும்.

பாமினி எழுத்துருவை நிறுவியதும் திரை முழுதும் தமிழாயிற்று. பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். அதற்கென மாற்றிகள் உள்ளன என்றாலும், கண்ணால் சரிபார்க்காமல் விடலாகாது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. 'ர்' என்பதற்குப் பலர் காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வேறு. என் இல்லாளும் அப்படியே செய்திருந்தார். அத்தகைய இடங்களை நானே ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கார்த்திகை முழுதும் அதிலேயே கழிந்தது.

சொல்லும் ராகமும்

மார்கழியில் 110 பாட்டுகளையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றேன். மைத்துனி கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தாளைப் படித்தார். படித்தவர் பாடத் தொடங்கினார். அப்போதுதான் ஒன்று விளங்கியது. கணினியில் சொல் இருந்தது, ராகம் இல்லை. மைத்துனியிடம் ராகம் இருந்தது, சொல் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் என் மாமியாரின் பாட்டு மீண்டது.

நாதமுனிகள் நாலாயிரத்தை மீட்ட வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். காட்டுமன்னார்கோவிலில், யாத்திரிகர்கள் பாடிய சில பாசுரங்களைக் கேட்டார்; ஆயிரத்தில் அவை ஒரு சிறு பகுதி என்று அவற்றிலிருந்தே அறிந்தார். மீதியைத் தேடித் திருக்குருகூர் வந்தார். அங்கும் முழுமையாக அறிந்தவர் இல்லை. மதுரகவியாழ்வார் அருளிய 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' மட்டும் ஓதப்பட்டு வந்தது. அதைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. பெற்றதோடு நில்லாமல், தம் மருமக்கள் இருவருக்கும் கற்பித்து, இசையோடு பாட வைத்தார். கிடைத்ததைப் பாடும் வாயில் சேர்த்த பிறகே அந்த மீட்பு நிறைவு பெற்றது. அந்த மகான் எங்கே, நாம் எங்கே! ஆயினும் அவர் காட்டிய வரிசை எளியவர்க்கும் பொருந்தும்.

மைத்துனி நான்கு நாள் பாடினார். அவர் பேத்தி அதைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். மூன்றாம் நாள், ஒரு தாலாட்டைப் பாடி முடித்த வேகத்தில், காணாமற்போன தாலாட்டும் முழுமையாக அவர் வாயில் வந்துவிட்டது. கிளிப்பாட்டு மட்டும் வரவில்லை. நான்கு அடி வந்து நின்றுவிட்டது. "மிச்சத்தை நாமே கட்டிச் சேர்த்துடலாமா பாட்டி?" என்று பேத்தி கேட்டாள்.

"வேண்டாம்மா. அம்மா பாடாததை அம்மா பேர்ல எழுதக் கூடாது. இடம் விட்டு வை" என்றார் மைத்துனி.

அன்று மாலை அனைவரும் கோவிலுக்குச் சென்றோம். நாச்சியாரின் இடக்கையில் கிளி. இலைகளாலும் மாதுளம்பூ மூக்காலும் அன்றன்று புதிதாகக் கட்டப்படும் கிளி அது. நேற்றைய இலை இன்று இல்லை. கட்டும் கை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. எத்தனையோ முறை கண்ட கிளிதான். அந்தப் பாட்டை இழந்த அன்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தையில் திருமணம் நடந்தது. ஊஞ்சலின் இரு புறமும் நின்று பாட்டியும் பேத்தியின் தோழியரும் பாடினார்கள். தோழியர் கையில் கைப்பேசி. அதில் யூனிகோட் எழுத்தில் என் இல்லாள் ஒற்றை விரலால் தட்டிய பாட்டு.

அன்பர்களுக்கு

இதைப் படிப்போர் வீடுகளிலும் பழைய கணினியோ, ஒலிநாடாவோ, குறுந்தகடோ இருக்கக்கூடும். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில் உள்ள பிள்ளைகளிடம், ஒன்று தாளில். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் பழந்தமிழ் நூல்களை இவ்வாறே மின்னேற்றி, இலவசமாக வழங்கி வருகிறது. நாலாயிரமும் அதில் உண்டு.

பழைய இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடனும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான ஆதரவு முடிந்தது. திருத்தம் வராத கணினி பூட்டில்லாத வீடு. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிக்கவும் எழுதவும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கணினியில் வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று திரை அலறினால் அழைக்காதீர்கள். அது மோசடி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரை நேரில் கூப்பிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

ஓய்ந்த கணினியைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு பெறுவோரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த கோப்பும் அதில் தங்கியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எழுத்தைப் பிரதி எடுக்கலாம். பாடுகிறவர் இருக்கும்போதுதான் பாட்டைப் பெற முடியும். உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டியோ அத்தையோ இருந்தால், இந்த வாரமே அருகில் அமர்ந்து பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பேரனையோ பேத்தியையோ உடன் பாடச் சொல்லுங்கள். எங்கள் தொகுப்பில் கிளிப்பாட்டின் நான்கு அடிக்குக் கீழே ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எவர் வீட்டிலாவது, எந்தப் பாட்டியின் வாயிலாவது, அது இன்னும் இருக்கும் என்றே நம்புகிறேன்.